பழைய பஞ்சாங்கமும் பழைய சார்ட்டும்: விமானம் ஓட்டப் படிக்கும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் நேவிகேஷன் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி பெரிய கட்டோடு படியேறி வந்தான். வெளிநாட்டில் பயிற்சி முடித்த யாரோ விற்ற சார்ட்டுகள், அதாவது விமானிகள் வழி பார்க்கும் வரைபடங்கள். “சார், பதினெட்டும் சேத்து பாதி வெலைக்குக் கெடச்சுது!” முகமெல்லாம் சந்தோசம். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பதினெட்டும் காலாவதி. அவன் படிக்கப் போகிற பகுதியின் படம் அதில் ஒன்றுகூட இல்லை. பிசானத்து நெல்லை விற்று அவன் அப்பா கொடுத்த பணம் அது. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சார்ட்டுக்கு விலை கேட்கும் முன் தேதியைக் கேட்க வேண்டும். போன வருசப் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாராவது முகூர்த்தம் குறிப்பார்களா? விமானத் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுகின்றன. அமெரிக்காவின் பகுதிவாரிப் படமான செக்‌ஷனல் சார்ட் 56 நாளுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. நம் வாகைக்குளத்தை, தூத்துக்குடி விமான நிலையத்தையே பாருங்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புது முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. பழைய படத்தோடு அங்கே இறங்க வருகிறவன் மேலிருந்து பார்ப்பது வேறொரு ஏர்போர்ட்டை. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஏவத் தொடங்கினால் அந்த வான்வெளிக்கும் கட்டுப்பாடு வரும். பழைய தாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அடுத்தது ஜெராக்ஸ். இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் உயரத்தைக் காட்டும் வண்ணங்கள் போய்விடும். 1,868 மீட்டர் அகத்தியர் மலையும் அம்பாசமுத்திரம் வயலும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதைவிட மோசம், கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்குவது. ஏ3 தாளை ஏ4 ஆக்கினால் நீளம் 71 சதவீதமாகிவிடும். அதன்மேல் ப்ளாட்டரை, அதாவது தூரமும் திசையும் அளக்கும் கோலை வைத்து அளந்தால் வருவதெல்லாம் தப்பு.

ப்ளாட்டரும் படத்தின் அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். வாகைக்குளத்திலிருந்து மதுரை சுமார் 67 கடல் மைல். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுள்ள படத்தில், அதாவது ஒரு சென்டிமீட்டர் பத்து கிலோமீட்டரைக் காட்டும் படத்தில், அது பன்னிரண்டரை சென்டிமீட்டர் கூட வராது. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர். முதல் படத்தின்மேல் இரண்டாவதற்கான கோலை வைத்தால் மதுரை 34 கடல் மைல்தான் என்று காட்டும். எரிபொருளையும் அந்தக் கணக்கில் போட்டால்? வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். மேலிருந்து கீழாக ஓடும் தீர்க்கரேகைக் கோட்டில் ஒரு பாகை அளவை எடுங்கள். அது 60 கடல் மைல், ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பத்து லட்சத்துப் படத்தில் 11 சென்டிமீட்டரை ஒட்டி வரவில்லை என்றால் அந்தத் தாள் சுருங்கிய தாள்.

என்-ரூட் சார்ட்டை வாங்கி வந்து “இதுல ஆறு, ரோடு ஒண்ணையும் காணோமே சார்” என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. அது கருவிகளை நம்பிப் பறப்பவர்களுக்கானது. நீங்கள் தாமிரபரணியையும் ரயில் பாதையையும் கண்ணால் பார்த்துப் பறக்கப் போகிறவர்கள். உங்களுக்கு வேண்டியது அப்படிப் பறப்பதற்கான வி.எஃப்.ஆர். சார்ட்.

பள்ளியில் சேரும் முன்பே வாங்கிக் குவிக்காதீர்கள். எந்தத் தாள் வேண்டும் என்று பயிற்றுநர் சொல்வார். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் வடபகுதியில் படிக்கிறவனுக்கு ஜாக்சன்வில் செக்‌ஷனல் வேண்டும், தெற்கே என்றால் மியாமி. கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறக்கும் பயிற்சியின் வழி தாளின் ஓரத்தைத் தொட்டால் பக்கத்துத் தாளும் வேண்டும். நம் நாட்டு விமான நிலையங்களின் சார்ட்டுகள் இந்திய விமான நிலைய ஆணையத்தின் இணைய விமானத் தகவல் தொகுப்பான ஏ.ஐ.பி.யில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து விற்கிறவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஐபேட் மட்டும் போதும் என்று கிளம்புவதும் சரியில்லை. அது 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரைக்கும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. சித்திரை வெயிலில் கண்ணாடிக் காக்பிட்டுக்குள் சூடேறி அணைந்துவிடும். ஒரு தாள் மடியில் இருக்கட்டும்.

அந்தப் பதினெட்டையும் தம்பி தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுத வைத்தேன். இப்போது சாயங்காலம் தரையில் விரித்துப் போட்டுக் கோடு இழுத்துப் பழகுகிறான்.