நுண்ணளவு உலோகங்களை அளக்கையில் திட்டக் கரைசல்களில் நேரும் தவறுகள்

சென்ற வாரம், எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒருவர், நுண்ணளவு உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியின் அச்சுத்தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களை அளந்து ஈயத்துக்காகப் போட்ட அளவுத்திருத்தக் கோட்டின் ஓரத்தில், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.99999 என்று இருந்ததைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே எண்ணை அதே மகிழ்ச்சியோடு வட்டமிட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். காலாவதியான புட்டி, பெயர் ஒட்டாத குடுவை போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்-ஸ்கொயரை நம்பிக் கோட்டை ஏற்றுக்கொள்வது

அவருடைய திட்டக் கரைசல்கள் லிட்டருக்கு 0, 1, 10, 100, 1000 மைக்ரோகிராம். அளக்க வேண்டியதோ குடிநீர். அதில் ஈயம் 5-ஐத் தாண்டுவதே அரிது. எந்த மாதிரியும் கோட்டுக்கு வெளியே போய்விடக் கூடாது என்று 1000 வரை நீட்டியிருந்தார்.

இதில் என்ன கெடுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மற்ற நான்கும் துல்லியமாக இருக்க, 1000 மட்டும் 2 சதவீதம் குறைவாக, 980-க்குரிய சமிக்ஞையைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீச்சிறு வர்க்க முறை, புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கப் பார்க்கிறது. 1000-இல் 2 சதவீதம் என்பது 20 அலகு, 1-இல் 50 சதவீதம் பிசகினாலும் அது அரை அலகுதான். ஆகவே கோடு மேல்முனைக்கு வளைந்துகொடுத்து, கீழ்முனையைக் கைவிடுகிறது. வெட்டுத்துண்டு, அதாவது செறிவு பூச்சியமாகும் இடத்தில் கோட்டின் உயரம், சுமார் 0.53 ஆகிவிட, உண்மையில் 2 இருக்கும் மாதிரி 1.5 என்று வருகிறது. 1 என்ற திட்டக் கரைசலே 0.48 என்று படிக்கிறது. ஆர்-ஸ்கொயர் அப்போதும் 0.99999-க்கு மேல்தான்.

நான் இதே தவறைச் செய்தபோது அறிக்கைகள் கையெழுத்தாகி வெளியே போய்விட்டன. பின்னர் கோட்டைச் சரிபார்க்க 2 மைக்ரோகிராம் சோதனைக் கரைசல் ஒன்றை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று வார மாதிரிகளை மறுபடி அளந்தோம். தீர்ந்துபோயிருந்த மாதிரிகளுக்கு அதுவும் முடியவில்லை, அந்த அறிக்கைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. இன்றும் அச்சுத்தாளில் அந்த எண்ணைத் தனியாக வட்டமிட்டுப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மாதிரிகள் விழும் எல்லையை ஒட்டியே கோட்டைப் போடுங்கள். குடிநீர் ஈயத்துக்கு 0.5 முதல் 20 வரை போதும், உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவான 10-உம் அதற்குள் அடங்கிவிடும். அதை மீறும் மாதிரியை நீர்த்து மறுபடி அளக்கலாம். அகன்ற எல்லை தவிர்க்க முடியாததானால், செறிவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக எடையிட்ட பொருத்தத்தை, அதாவது கீழ்முனைப் புள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் பொருத்தத்தை, தேர்ந்தெடுங்கள். எதுவானாலும், ஒவ்வொரு திட்டக் கரைசலையும் அதே கோட்டில் திரும்பக் கணக்கிட்டு, மிகக் குறைந்த புள்ளி எவ்வளவு என்று வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஊடகம் பொருந்தாமை

திட்டக் கரைசல் 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இருக்க, அமிலத்தில் செரித்துக் கரைத்த மண் மாதிரி அதைவிடக் கூடுதல் அமிலத்தோடும் கரைந்த உப்புகளோடும் கருவிக்குள் போனால், அதே அளவு ஈயம் குறைவான சமிக்ஞையையே தரும். அமில அளவைச் சமன்செய்து, உள்திட்டமாக, அதாவது சமிக்ஞை எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட எல்லாக் கரைசல்களிலும் ஒரே அளவில், பிஸ்மத்தைச் சேருங்கள். மாதிரியிலேயே பிஸ்மத் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாதிரியிலேயே தெரிந்த அளவு ஈயத்தைச் சேர்த்து அளக்கும் திட்டச் சேர்ப்பு முறை, சமிக்ஞை ஒடுங்குவதைச் சரிசெய்யும், ஆனால் பின்னணிச் சமிக்ஞையை நீக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே தாவலில் நீர்த்தல்

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் மூலக் கரைசலிலிருந்து 1 மைக்ரோகிராமுக்கு இறங்குவது 10 லட்சம் மடங்கு நீர்த்தல். ஒரே படியில் செய்தால் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். மூன்று படிகளில், முடிந்தால் எடைபோட்டுச் செய்யுங்கள்.

கண்ணாடிக் குடுவையில் சேமித்தல்

வேண்டாம். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிபுரொப்பிலீன் போதும்.

சோதனைக் கரைசலையும் அதே புட்டியிலிருந்து தயாரித்தல்

மூலப் புட்டி பிழையானால் கோடும் சோதனையும் ஒன்றுபோலவே பிழைக்கும். வேறு தயாரிப்பாளரின் புட்டியை, அதுவும் கிடைக்காவிட்டால் வேறு தொகுதி எண்ணுள்ள புட்டியையேனும், இதற்கென்றே தனியாக வைத்திருங்கள்.