ரேஸுக்கு ஸ்பான்சர் தேடும் செட்டிநாட்டுப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் பந்தயத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் என்றால் முதல் பரிசு யார், இரண்டாம் பரிசு யார் என்று போஸ்டர் நிறையப் பெயர்கள் இருக்கின்றன. அதே கடைக்காரரிடம் போய் "பைக் ரேஸுக்கு ஸ்பான்சர் பண்ணுங்கண்ணே" என்றால் மட்டும் கை சுருங்கிவிடுகிறது. அவரைக் கஞ்சன் என்று திட்டிப் பயனில்லை. வண்டிப் பந்தயத்தில் பரிசு கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்கிறார்கள், ஊரே கேட்கிறது. பைக் ரேஸ் நடப்பதோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அதை விட்டால் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே கேலரியில் உட்கார்ந்து உங்கள் ஃபேரிங்கில் (வண்டியின் வெளி மூடியில்) கடைப் பெயரைப் படிப்பவர் யாரும் காரைக்குடிக்கு வந்து பாத்திரம் வாங்கப் போவதில்லை.

"சரி தம்பி, அதனால நம்ம கடைக்கு என்ன?" என்று அவர் கேட்பார். இதற்குப் பதில் இல்லாமல் கடைப்படி ஏறுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

பதில் ஊருக்குள்தான் இருக்கிறது. ரேஸ் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவர் கடை வாசலில் நிறுத்துங்கள். லெதர் சூட், ஹெல்மெட்டோடு நீங்களும் நில்லுங்கள். பிள்ளைகளை வண்டியில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் சாயங்காலத்துக்குள் எத்தனை வாட்ஸப் குழுக்களுக்குப் போகும் என்பது அவருக்கே தெரியும். ரேஸ் வண்டிக்கு ஹெட்லைட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. அதனால் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, டாடா ஏஸில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அந்த வாடகையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாரும் ஒரே மாடலில் ஓட, கம்பெனியே வண்டி கொடுக்கும் ஒன்-மேக் போட்டிகளில் ஓடுபவர்களுக்கு இது முடியாது. ரேஸ் முடிந்ததும் வண்டி கம்பெனிக்குப் போய்விடும். வண்டி மேல் யார் பெயர் வரலாம் என்பதும் அவர்கள் கையில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "டேங்க் முழுக்க உங்க பேருதாண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, டிராக்கில் போய் முழிப்பவர்கள் உண்டு. விதிமுறையைப் படித்து, சூட்டிலும் ஹெல்மெட்டிலும் எவ்வளவு இடம் உங்களுக்கு உண்டு என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் யோசனை வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே பேச்சுப் பேசக் கூடாது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி நடத்துபவர்களின் கதை வேறு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பைக்கில் ஊர் சுற்றக் கிளம்பும் கூட்டம் அவர்களுக்கு வாடிக்கை. அந்தக் கூட்டத்தில் பலர் டிராக்குக்கும் வருகிறவர்கள். தேன்குழலும் மணகோலமும் கூரியரில் அனுப்பும் பலகாரக்காரர்களும் அப்படித்தான். இவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் தெரியும் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. இதை ஏன் யாரும் முதலில் யோசிப்பதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு.

இங்கே பல சொத்துகளும் தொழில்களும் பங்காளிகளுக்குப் பொதுவானவை. எதிரே இருக்கும் ஆச்சிக்கு உங்களைப் பிடித்துப்போனாலும், "சிங்கப்பூர்ல தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். அந்தத் தம்பிக்கு உங்கள் முகம் தெரியாது. ஆச்சி வாட்ஸப்பில் அனுப்பிவைக்க ஒரே ஒரு பக்கம் தமிழில் இருக்க வேண்டும்: நீங்கள் யார், எந்தப் போட்டி, எத்தனை சுற்று (சீசனில் எத்தனை முறை போய் ஓட வேண்டும்), மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கேட்பது எவ்வளவு, பதிலுக்கு என்ன செய்வீர்கள். இருபது பக்க ஆங்கில பிடிஎஃப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அந்தச் செலவுக் கணக்கில் லைசென்ஸ், என்ட்ரி, டயர், பெட்ரோல், தங்குமிடம் எல்லாம் எழுதிவிட்டு, விழுந்தால் ஆகும் செலவை விட்டுவிடுகிறார்கள். புதிதாக ஓடுபவர் விழாமல் ஒரு சீசன் முடிப்பது அபூர்வம். கிளட்ச் லிவர், ஃபுட்பெக், ஹேண்டில்பார் என்று ஒரு செட் வாங்கி வைக்கப் பணம் ஒதுக்காவிட்டால், முதல் சுற்றில் விழுந்து இரண்டாம் சுற்றுக்கே போக முடியாமல் நிற்பீர்கள். வாங்கிய பணத்துக்கு என்ன பதில் சொல்வது? எல்லாவற்றையும் பணமாகவே கேட்பதும் தேவையில்லை. டயர் கடைக்காரர் டயராகவும், லேத் பட்டறைக்காரர் வேலையாகவும் கொடுப்பது அவர்களுக்கும் சுலபம். ஆனால் ஒரே தெருவில் இரண்டு டயர் கடைக்காரர்களிடம் வாங்கிவிடாதீர்கள். சின்ன ஊர், மறுநாளே தெரிந்துவிடும்.

"கட்டாயம் ஜெயிச்சுருவேண்ணே" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். ஜெயிப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. எத்தனை சுற்று ஓடுவீர்கள், எத்தனை படம் அனுப்புவீர்கள், எந்த நாள் கடைக்கு வருவீர்கள் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். அடிபட்டால், போட்டி தள்ளிப்போனால் மீதிப் பணம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி ரோட்டில் வீலிங் செய்து இன்ஸ்டாவில் போட்ட வீடியோவைத் திறமைக்குச் சாட்சியாகக் காட்டுபவர்களிடம் நான் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: அது உங்களுக்கு எதிரான சாட்சி. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரரின் பயமே "ஏதாவது ஆயிட்டா நம்ம பேரு கெட்டுப்போகும்" என்பதுதான். அவரிடம் காட்ட வேண்டியது எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ், லெதர் சூட், டிராக்கில் நிற்கும் ஆம்புலன்ஸ், டிராக்கை ஒரு முறை சுற்ற ஆன நேரத்தைக் காட்டும் லேப் டைம் தாள். அந்த வீடியோக்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

பெரிய கம்பெனிக்குப் போகிறவர்கள் "சிஎஸ்ஆர் நிதியில கொடுங்க சார்" என்று, சமூக நலனுக்காகக் கம்பெனி ஒதுக்கும் பணத்தைக் கேட்பதும் வீண். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான் 2013 கம்பெனிச் சட்டம் சிஎஸ்ஆரைக் கட்டாயமாக்குகிறது. தன் பொருளுக்கு விளம்பரம் கிடைப்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர் செலவு சிஎஸ்ஆரில் சேராது என்று விதியே இருக்கிறது. அந்த கம்பெனியில் நீங்கள் பார்க்க வேண்டியது மார்க்கெட்டிங் ஆளை. புகையிலைக் கம்பெனியின் ஸ்பான்சருக்கு 2003 சட்டத்திலேயே தடை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களின் விளம்பரத்துக்கும் 2025 சட்டத்தில் தடை வந்துவிட்டது. அந்தப் பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் விசிட்டிங் கார்டை அப்படியே பெரிதாக்கி, சாமி படம், இரண்டு போன் நம்பர், கிளைகள் எல்லாம் வைத்து ஒட்டினால், ஓடுகிற வண்டியில் ஒன்றும் தெரியாது. பெயர் மட்டும், தடித்த எழுத்தில், பின்னணிக்கு நேர் எதிர் நிறத்தில் போதும். வண்டியின் ரேஸ் நம்பர் இருக்கும் பகுதியில் ஒட்டவே கூடாது, டைமிங் பார்ப்பவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக, பணம் வாங்கிய பிறகு காணாமல் போவது. பேரேடு எழுதிப் பழகிய ஊரில் இதை யாரும் மறக்க மாட்டார்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கும் கதவு அடைத்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முடிந்த வாரத்துக்குள் நேரில் போங்கள். எத்தனையாவதாக வந்தீர்கள், கடைசியாக வந்திருந்தாலும் ஏன் என்று சொல்லுங்கள். டயர் பில், என்ட்ரி ரசீது, வேன் வாடகை எல்லாவற்றையும் ஒரு தாளில் பின் அடித்துக் கொடுங்கள். ரசீதின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். வருமான வரிக் கணக்கில் காட்ட உங்கள் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.