பிறர் தமிழைத் திருத்தும் முன்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவரின் மறைவுச் செய்திக்குக் கீழே, என் சித்தப்பா ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதியிருந்தார். ‘இரங்கல்’ என்றிருக்க வேண்டும், ‘இறங்கல்’ என்றால் கீழே இறங்குதல் என்று நான் அங்கேயே எழுதிவிட்டேன். அதன்பின் அவர் அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை. அன்று எனக்குத் தெரியாதிருந்த முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: பிழைதானா என்று பாருங்கள்

ஈழத்தவர் பலர் டொரான்டோவை ‘ரொறன்ரோ’ என்றும் டிவியை ‘ரீவி’ என்றும் எழுதுவர். அது அவர்களிடம் நெடுங்காலமாக நிலைத்த எழுத்துமுறை. தமிழ்நாட்டு வாசகர் அதைத் திருத்தப் புகுவது அறியாமை. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ என்னும் இரண்டில் எது சரி என்று தமிழாசிரியர்களே இன்னும் வழக்காடிக்கொண்டிருப்பதால், முதலாவதையே எழுதும் நான் மற்றதை எழுதுபவரிடம் வாய் திறப்பதில்லை. பேச்சு வழக்கில் எழுதியவரை எழுத்து வழக்குக்கு மாறச் சொல்வதும் திருத்தம் ஆகாது.

படி 2: பிழை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் விசைப்பலகையில் ‘பனி’யும் ‘பணி’யும் பரிந்துரைப் பட்டியலில் அருகருகே நிற்பதால், அவசரத்தில் ‘பணி நிறைவு விழா’ பனி பொழியும் விழாவாகிவிடும். (1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ன, ண ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு.) எழுதியவருக்கே தெரிந்த இத்தகைய பிழையைப் போய்ச் சொல்வதில் பயனில்லை.

‘சுவற்றில்’ என்பது வேறு வகை. கிணறு, வயிறு ஆகியவை கிணற்றில், வயிற்றில் என்று மாறுவதைக் கேட்டுப் பழகிய காது, சுவரையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறது. ஆனால் ‘சுவர்’ என்பது ‘று’வில் முடியாததால் ‘சுவரில்’ என்றே வரும். இப்படிக் காரணம் சொல்ல முடிந்த பிழையை மட்டும் திருத்துங்கள்; காரணம் தெரியாவிட்டால் முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 3: பொருள் கெடுகிறதா என்று பாருங்கள்

இணையத்தில் மிகுதியாகக் காணப்படுவது ஒற்றுப்பிழை, அதாவது இரு சொற்களுக்கு இடையே வர வேண்டிய க், ச், த், ப் விடுபடுவது அல்லது வேண்டாத இடத்தில் வருவது. ‘அந்த கடை’ என்று எழுதினாலும் பொருள் விளங்கும் என்பதால், அதை நான் விட்டுவிடுவேன். ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு. ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கேட்பதாகிவிடும். ‘மருந்துக்கடை’ விற்கும் இடம், ‘மருந்து கடை’ என்பதோ மருந்தைக் கடையச் சொல்லும் ஏவல். இத்தகைய இடத்தில் சொல்வது உதவிதான்.

தொடங்குபவருக்குச் சில விதிகள் போதும். அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின்னும், ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளின் பின்னும் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும்: அந்தக் கடை, கதவைத் திற, ஊருக்குப் போ. எழுவாயின் பின் (‘பறவை பறந்தது’), பெயர்ச்சொல்லைத் தழுவி நிற்கும் முற்றுப்பெறாத வினையான பெயரெச்சத்தின் பின் (‘வந்த பையன்’), காலம் காட்டாத வினையும் பெயரும் சேர்ந்த வினைத்தொகையில் (‘ஊறுகாய்’) மிகாது. பெயரெச்சங்களில், ‘ஓடாத’ என்பது ‘ஓடா’ என்று குறுகிய ‘ஓடாக் குதிரை’ போன்ற எதிர்மறை வடிவம் மட்டும் இதற்கு விலக்கு.

நீச்சல்காரன் என்னும் நிரலாளர் உருவாக்கிய ‘நாவி’ என்னும் இணையச் சந்திப்பிழை (ஒற்றுப்பிழை) திருத்தியில் உங்கள் பத்தி ஒன்றை முதலில் இட்டுப் பாருங்கள். எனக்கு அது நல்ல பாடமாக இருந்தது. ஆனாலும் நீங்கள் கேட்டது பணியா, வேலா என்பதை எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவு செய்யாது.

படி 4: தனியே, ஒன்றே ஒன்று

தனிச்செய்தியில், ஒரே ஒரு பிழையை, காரணத்தோடு சொல்லுங்கள். “நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது. ‘பல அறிய தகவல்கள்’ என்ற இடத்தில் ‘அரிய’ என்று வர வேண்டும் என நினைக்கிறேன், ‘அறிய’ என்றால் தெரிந்துகொள்ள என்று பொருளாகிவிடும்” என்ற அளவு போதும். துயரச் செய்தியில் எதையும் திருத்த வேண்டாம். அச்சுக்குப் போகவிருக்கும் அழைப்பிதழ் என்றால் தயங்காமல் உடனே தொலைபேசியில் அழையுங்கள், ஏனெனில் பிறகு மாற்ற முடியாது.

சென்ற ஆண்டு சித்தப்பாவின் மகளுக்குத் திருமணம் நடந்தது. அழைப்பிதழ் அச்சாகி என் கைக்கு வந்தபோது, அதில் ‘மனமக்கள்’ என்றிருந்தது. அச்சுக்கு முன் அதை அவர் எனக்குக் காட்டவில்லை.