‘கணக்கை முடிச்சிரு’ன்னா அழிச்சிரு இல்லை: ஏஜென்ட் டூல்களில் மீட்க முடியாத நீக்கத்துக்கு விளக்கம் எழுதும் முறை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. பற்று வரவு முழுக்க ஒரு செயலியில் இருக்கிறது, அதை ஏஐ ஏஜென்ட் (சொன்னதைப் புரிந்துகொண்டு தானே வேலையைச் செய்யும் மென்பொருள்) கையாளுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி சொல்கிறார்: “திருமங்கலம் முருகேசன் கணக்க முடிச்சிருப்பா.” பாக்கியை நேர் செய் என்பதுதான் பொருள். ஏஜென்டிடம் இருப்பதோ ‘கணக்கை_நீக்கு’ என்ற டூல், அதாவது ஒரு வேலையைச் செய்ய அது அழைக்கும் சிறு நிரல். அதற்கு “வாடிக்கையாளர் கணக்கை நீக்கும்” என்று ஒற்றை வரி விளக்கம். டூலுக்குள் இருக்கும் நிரல் வரிகள் பெரும்பாலும் மாடலின் (ஏஜென்டை இயக்கும் ஏஐயின்) கண்ணில் படாது. பெயர், விளக்கம், கேட்கும் விவரங்கள் இவற்றை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது.

முதலில், எதெல்லாம் போகும் என்று டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ (ஒன்றை நீக்கினால் அதைச் சார்ந்தவையும் தானே நீங்கும் அமைப்பு) போட்டிருந்தால் வாடிக்கையாளர் பதிவோடு அவருடைய பற்று, வரவு, ரசீது எல்லாம் சேர்ந்து போகும். அத்தனையையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்து, திரும்ப வருமா? ‘நீக்கும்’ என்ற சொல்லில் அது தெரியாது. ஜிமெயிலில் குப்பைக்குப் போன மெயில் 30 நாள் இருக்கும். அதே ஜிமெயிலை வேறு மென்பொருள்கள் இயக்கும் வழியான ஏபிஐயில், டெலீட் உடனே, நிரந்தரமாக அழிக்கும். கூகுளின் ஆவணமே, மீட்க முடியாது, டிராஷைப் பயன்படுத்துங்கள் என்கிறது. உங்கள் விளக்கத்திலும் இது முதல் வாக்கியத்திலேயே இருக்கட்டும். “பேக்கப் இருக்கிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். இரவு 12 மணி பேக்கப்பில் விடியற்காலை எழுதிய மல்லிகைப் பற்று இருக்காது. மாடலோ அந்த வரியைப் படித்துத் துணிந்துவிடும்.

பலர் விட்டுவிடுவது, எப்போது அழைக்கக் கூடாது என்பதை. நம் பேச்சில் ‘முடி’, ‘எடு’, ‘கழி’ மூன்றுமே வழுக்கும். “பில்ல எடு” என்றால் காட்டு; “அந்த வரிய எடு” என்றால் நீக்கு. இப்படி எழுதலாம்:

“வாடிக்கையாளரையும் அவருடைய பற்று, வரவு, ரசீது அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கும், மீட்க வழியில்லை. ‘கணக்கை முடி’ என்பது இதற்கான கட்டளை அல்ல, அதற்குப் ‘பாக்கி_தீர்’. தற்காலிகமாக நிறுத்தக் ‘கணக்கை_நிறுத்து’. கணக்கு எண் மட்டும் ஏற்கும், பெயர் ஏற்காது. எண் காலியாக இருந்தால் மறுக்கும். ஓர் அழைப்புக்கு ஒரு கணக்கு.”

“கவனமாகப் பயன்படுத்தவும்” என்று எழுதுவது வீண். என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை.

டூல்களை எம்சிபி (ஏஐயோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர் வழியாகக் கொடுக்கிறீர்கள் என்றால், டூலின் தன்மையைச் சொல்லும் குறிப்புகளையும் நிரப்புங்கள். ‘டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்’ (அழிக்கக்கூடியது) போடாவிட்டால் உண்மை என்றே கொள்ளப்படும்; ‘ரீட்ஒன்லிஹின்ட்’ (படிக்க மட்டும்) போடாவிட்டால் பொய். ஆகவே பாக்கி பார்க்கும் சாதாரண டூலும் ஆபத்தானதாகத் தெரிந்து, தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்கக்கூடும். நாலு நாளில் கடைக்காரர் பார்க்காமலே ‘சரி’ தட்டப் பழகிவிடுவார். படிக்க மட்டுமான டூல்களை அப்படியே குறித்துவிடுங்கள். ‘ஐடெம்பொடென்ட்ஹின்ட்’டில் (மறுபடி அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லை என்ற குறிப்பு) நேர்மை வேண்டும்: எண் சொல்லி அழிப்பதை இரண்டு முறை அழைத்தாலும் நஷ்டமில்லை. “கடைசி வரியை நீக்கு” அப்படியல்ல. நெட் தடுமாறி ஏஜென்ட் மறுபடி அழைத்தால் அடுத்த வரியும் போய்விடும். அந்த வகை டூலையே வைக்காதீர்கள்.

இவை வெறும் குறிப்புகள்தான், பூட்டு அல்ல. பூட்டு சர்வரில் இருக்க வேண்டும்: முதல் அழைப்பு “1 வாடிக்கையாளர், 212 வரிகள் போகும்” என்று மட்டும் காட்டட்டும், இரண்டாவது அழைப்பு உறுதி எண்ணோடு வந்தால்தான் அழிக்கட்டும். அந்த எண்ணை டூலின் பதிலிலேயே அனுப்பினால் ஏஜென்டே எடுத்துத் தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளும். முதலாளியின் போனுக்கு அனுப்புங்கள், 5 நிமிடத்தில் காலாவதியாகட்டும்.

ஏற்கனவே அழிந்த கணக்கின் எண் வந்தால் வெறும் ‘பிழை’ என்று திருப்பாதீர்கள். கடையில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஏஜென்ட் அடுத்தவரைத் தேடிப் போகும். “இந்தக் கணக்கு ஏற்கனவே இல்லை, வேறு எண்ணை முயல வேண்டாம்” என்று சொல்லட்டும்.

கடைசியில் சோதனை. கடையில் பேசுகிறபடியே 20 வாக்கியம் எழுதி, சோதனை டேட்டாபேஸில் ஓட்டுங்கள். பாதி, நீக்கம் போலத் தோன்றி நீக்கம் அல்லாதவையாக இருக்கட்டும். ஒன்று தவறினாலும் விளக்கத்தைத் திருத்தி 20-ஐயும் மறுபடி ஓட்டுங்கள். மாடலை மாற்றும்போதும் அப்படியே.