டெக் சேல்ஸில் முதல் வேலை: டெல்டா பிள்ளைகள் கோட்டை விடுகிற இடங்கள்

மன்னார்குடி, கும்பகோணம், பாபநாசம் பக்கத்திலிருந்து சாஃப்ட்வேர் விற்பனை வேலைக்கு வருகிற பிள்ளைகளை நான் நேர்காணல் செய்திருக்கிறேன். "இங்கிலீஷ்தான் சார் தடுமாறுது" என்பார்கள். இங்கிலீஷால் தோற்றவர்கள் குறைவு. பேச்சை நிறுத்தத் தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம்.

'மாக் கால்' என்று ஒன்று வைப்போம்; விற்பனைப் பேச்சுக்கு ஒத்திகை மாதிரி. நான் கடைக்காரர், நீங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வந்தவர். ஒரு பையன் ஆரம்பித்தான்: கிளவுட், டேஷ்போர்டு, ஜிஎஸ்டி ரிப்போர்ட்... நாலு நிமிடம் மூச்சு விடவில்லை. என்னுடையது என்ன கடை என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவன் அப்பா உரக்கடைக்காரர்.

"கடைக்கு ஒருத்தர் வந்து பூச்சி மருந்து கேட்டா, அப்பா உடனே எடுத்துக் கொடுத்துடுவாரா?" என்றேன்.

"இல்ல சார். எத்தனை மா, என்ன ரகம், நட்டு எத்தனை நாள், தண்ணி நிக்குதான்னு கேப்பார்."

அதைத்தான் எங்கள் துறையில் 'டிஸ்கவரி' என்கிறோம். வீட்டிலேயே கிடந்த வித்தையை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

அவன் ரெஸ்யூமேவிலும் இதே கதைதான். 'கடின உழைப்பாளி, டீம் பிளேயர்' என்று எழுதியிருந்தான். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குப் பணம் ஏறுகிற நாள் பார்த்து, கடைப் பாக்கி கேட்டு வீடு வீடாகப் போனதை எழுதவில்லை. எத்தனை பேரிடம் போனான், எத்தனை பேர் கொடுத்தார்கள், மறுபடி எப்போது போனான்? ஃபாலோ-அப் என்பது வேறென்ன?

அப்புறம், வேலையின் பெயர். புதியவர்களுக்கான கதவு எஸ்டிஆர் (சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசன்டேட்டிவ்), பிடிஆர் (பிசினஸ் டெவலப்மென்ட் ரெப்ரசன்டேட்டிவ்), இன்சைட் சேல்ஸ். போன், மெயில், லிங்க்ட்இன் வழியே ஆள் பிடித்து, மூத்த விற்பனையாளருக்கு மீட்டிங் வாங்கித் தருவதுதான் வேலை. பேரம் முடிக்கிற 'அக்கவுன்ட் எக்சிகியூட்டிவ்' வேலைக்கு எடுத்த எடுப்பில் விண்ணப்பித்துப் பயனில்லை. 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எதை, யாருக்கு, போனிலா தெருவிலா என்று கேட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளர் யார், என்ன பேசினோம், அடுத்து எப்போது என்று குறித்து வைக்கிற சாஃப்ட்வேர்தான் சிஆர்எம். அது தெரியாமல் போவதற்கு இன்று சாக்கு இல்லை. ஜோஹோ சிஆர்எம்மில் 3 பேர் வரை இலவசம். ஹப்ஸ்பாட் அகாடமியில் பாடமும் இலவசம். சான்றிதழைவிட, அப்பாவின் பாக்கி நோட்டை அதில் ஏற்றிப் பார்த்தேன் என்று சொல்கிற பையனை நான் கூடுதல் நேரம் உட்கார வைப்பேன்.

தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் ஐடி கம்பெனிகளுக்கான நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று; நல்லது. அதற்காக 'இங்கேயே வரட்டும்' என்று சென்னை, பெங்களூரு வாய்ப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் நேரத்தையும் கேளுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. வேலை முடியும்போது பஸ் இருக்குமா?

சம்பளத்தில் ஃபிக்ஸட் (மாதாமாதம் நிச்சயமாக வருவது) எவ்வளவு, வேரியபிள் (டார்கெட்டைப் பொறுத்து வருவது) எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கூச்சப்பட்டு மொத்தத் தொகைக்குத் தலையாட்டியவர்கள், டார்கெட் தவறிய மாதம்தான் கணக்குப் போடுகிறார்கள். போன காலாண்டில் டீமில் எத்தனை பேர் டார்கெட்டைத் தொட்டார்கள் என்றும் கேட்கலாம். விற்பனை மேலாளருக்கு அது பிடிக்கவே செய்யும். 'லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்க' என்று எவராவது கேட்டால் மட்டும் கேள்வியே வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.