கனடாவைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

ஜூலை 1 நெருங்கினால் போதும், நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘கனடா சுதந்திர தின வாழ்த்துகள்’ என்று படங்கள் வந்து குவியும். 1867 ஜூலை 1 அன்று கனடா சுதந்திரம் பெறவில்லை. மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்கள் ஒரு கூட்டாட்சியாகச் சேர்ந்து, ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்ற நான்கு மாகாணங்களோடு தொடங்கிய நாள் அது. சட்டம் இயற்றுவதில் பிரிட்டனின் பிடி பெரும்பாலும் தளர்ந்தது 1931இல். அரசியலமைப்பை லண்டனைக் கேட்காமல் திருத்தும் உரிமை வந்தது 1982இல். தவணை முறையில் வந்த விடுதலை என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் மன்னர் இன்றும் கனடாவின் அரச தலைவர்தான். ஆகவே ‘கனடா தின வாழ்த்துகள்’ என்று போட்டால் போதும், பிழையில்லை.

அந்த வாழ்த்தும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எடுபடாது. கிழக்குக் கரையோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் ஜூலை 1 நினைவு நாளும்கூட. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று, பிரான்சின் போமோன் ஹாமெலில் அவர்களுடைய படைப்பிரிவில் சுமார் 800 பேர் களமிறங்கினார்கள். மறுநாள் காலைப் பெயர் அழைப்புக்குப் பதில் சொன்னவர்கள் 68 பேர். அப்போது அது கனடாவே அல்ல, தனி நாடு. இணைந்தது 1949இல்தான். சீனக் கனடியர்களின் மூத்த தலைமுறைக்கோ அதே தேதி வேறொன்றை நினைவூட்டும். சீனர்களின் குடிவரவை ஏறக்குறைய முழுதாகத் தடுத்த சட்டம் 1923 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, 1947 வரை இருந்தது.

கனடாவைப் பற்றிய நம் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஓரிடத்தில், பெரும்பாலும் ரொறன்ரோவில், நின்றுகொண்டு முழு நாட்டையும் அளக்கிறோம். தலைநகர் ஒட்டாவா என்பது பலருக்குத் தெரியும், ஆனால் தூரங்கள் பிடிபடுவதில்லை. ரொறன்ரோவிலிருந்து மேற்குக் கரையின் வன்கூவருக்குச் சாலைவழி 4,000 கிலோமீட்டருக்கு மேல். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகருக்கு வன்கூவரைவிட இங்கிலாந்தின் லண்டன் பக்கம். செயின்ட் ஜான்ஸில் கடிகாரம்கூட ரொறன்ரோவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை மீனவர்கள் மீட்டது அந்தக் கரைக்கு அப்பால்தான். ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள்: நியூ பிரன்சுவிக்கில் இருப்பது செயின்ட் ஜான், அது வேறு நகரம். வன்கூவர் நகரம் வன்கூவர் தீவில் இல்லை. தீவில் இருப்பது விக்டோரியா, அதுதான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைநகர்.

‘கனடா முழுக்கப் பனி’ என்பதும் அரைகுறைதான். வன்கூவரின் குளிர்காலம் பெரும்பாலும் மழைக்காலம். தீவுகளை விட்டுவிட்டால் ஒன்ராறியோவின் தென்கோடியான பாயின்ட் பீலி, கலிபோர்னியாவின் வட எல்லைக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ஆற்றைக் கடந்து விண்ட்சருக்குப் போகிறவர் தெற்கு நோக்கித்தான் கனடாவுக்குள் நுழைகிறார். பிரெஞ்சு என்றால் கியூபெக் மட்டும் என்று நினைப்பதும் தப்பு. மாகாண அளவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் ஆட்சிமொழியாக ஏற்றிருக்கும் ஒரே மாகாணம் நியூ பிரன்சுவிக். அங்கே பிரெஞ்சு பேசும் அக்கேடியர்களைக் கியூபெக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சரி, இவை எல்லாம் மன்னிக்கக்கூடிய பிழைகள். பூர்வகுடிகளைப் பற்றி நாம் சொல்வது அப்படியல்ல. ‘செவ்விந்தியர்’, ‘எஸ்கிமோ’ என்ற பழைய பாடப்புத்தகச் சொற்களை விட்டுவிடுங்கள். அவற்றை அந்த மக்கள் விரும்புவதில்லை. 1982 அரசியலமைப்பின் 35ஆவது பிரிவு மூன்று பூர்வகுடிப் பிரிவினரை ஏற்கிறது: முதற்குடிகள், இனுவிட், மெட்டி. முதற்குடிகளில் மட்டும் 600க்கும் அதிகமான சமூகங்கள் உண்டு. 2021 கணக்கெடுப்பில் மூன்று பிரிவினரும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். மெட்டி என்றால் கலப்பினத்தவர் எல்லோரும் என்று எழுதுகிறார்கள், அது பிழை. மேற்கில், முக்கியமாகச் சிவப்பாற்றுக் கரையில், தனி மொழியும் தனி அரசியலும் கொண்டு உருவான ஒரு மக்கள் அவர்கள். மனிடோபா 1870இல் மாகாணமானதற்குக் காரணமான லூயி ரியேல் அவர்களின் தலைவர். 1885இல் நாடு அவரைத் தேசத்துரோகி என்று தூக்கிலிட்டது, இன்று மனிடோபா மாகாணம் அவர் பெயரில் விடுமுறை விடுகிறது.

பள்ளிக்கூடச் செயல்திட்டங்களில் இன்னொரு குழப்பத்தைப் பார்க்கலாம். ஒரே அட்டையில் குலக்கம்பம் (உருவங்கள் செதுக்கிய மரத்தூண்), தோல் கூடாரம், பனிவீடு மூன்றும் நிற்கும். குலக்கம்பம் ஹைடா போன்ற பசிபிக் கரை மக்களுடையது, தோல் கூடாரம் சமவெளி மக்களுடையது, பனிவீடு வடகோடி ஆர்க்டிக் பகுதியின் இனுவிட்டுகளுடையது. இதில் குழந்தைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கின் சின்னமே இனுவிட்டுகளின் கல்லுருவம்தான். வன்கூவரோ மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் மக்களின் நிலம்.

நம் வீடுகளில் அதிகம் அடிபடும் பேச்சு, ‘அவர்களுக்கு வரி கிடையாது, எல்லாம் இலவசம்’ என்பது. வரிவிலக்கு 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்திலிருந்து (‘இந்தியர்’ என்று அது சொல்வது முதற்குடிகளை) வருகிறது, அந்தச் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் பதிவு பெற்றவர்களுக்கு, முதற்குடிகளுக்கென ஒதுக்கிய (ரிசர்வ்) நிலத்தோடு தொடர்புடைய வருமானத்துக்கும் சொத்துக்கும்தான் பொதுவாக அந்த விலக்கு. இனுவிட், மெட்டி மக்களுக்கு அது இல்லை. இலவசக் கதையை நம்புகிறவர்கள் ஷோல் லேக் 40 என்ற முதற்குடிச் சமூகத்தைப் பற்றிப் படிக்கலாம். மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக் 1919 முதல் ஷோல் ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறது. நீர்க்குழாய்த் திட்டத்துக்காக வெட்டிய கால்வாய் அவர்களின் ஊரைத் தீவாக்கிவிட்டது. ஏரியை ஒட்டியே வாழ்ந்தும், 1997 முதல் 2021 வரை அவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ போத்தலில் வாங்கியோதான் குடித்தார்கள்.

‘அதெல்லாம் பழங்கதை’ என்று சொல்வது இதைவிட மோசம். சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களின் பிற்பாதியில். நம் மக்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் கடை வைத்து, கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ‘நாம் பிறகு வந்தவர்கள், நமக்கென்ன’ என்றும் கேட்பதுண்டு. 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியிலேயே பூர்வகுடிகளின் உரிமைகளும் ஒப்பந்த உரிமைகளும் இருக்கின்றன. அதன்பின் குடியுரிமை பெற்ற பெரியவர் எவரும் அந்த வரியைச் சொல்லித்தான் பெற்றிருக்கிறார்.

அப்புறம், விழா மேடைகளில் வாசிக்கும் நில அங்கீகாரம், அதாவது நாம் நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று சொல்லும் அறிவிப்பு. இணையத்தில் கிடைத்ததை எடுத்து அப்படியே வாசிக்காதீர்கள். ஒட்டாவா அல்கொன்குவின் மக்கள் ஒப்பந்தத்தால் ஒப்படைக்காத நிலம். ரொறன்ரோ அப்படியல்ல, அதன் பெரும்பகுதி மிசிசாகா மக்களோடு செய்த 13ஆம் ஒப்பந்தத்தில் வருகிறது. அந்தப் பேரம் நியாயமாக நடக்கவில்லை என்ற முறையீடு 2010இல்தான் சுமார் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. உங்கள் மண்டபம் எந்த ஒப்பந்த நிலத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. பெயர்களை முன்கூட்டியே ஒருமுறை உச்சரித்துப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

தேதிகளிலும் ஒரு கவனம் வேண்டும். ஜூன் 21 தேசியப் பூர்வகுடிகள் தினம், கொண்டாட்ட நாள், தாராளமாக வாழ்த்தலாம். செப்டம்பர் 30 வதிவிடப் பள்ளிகளில் இறந்தவர்களையும் தப்பி வந்தவர்களையும் நினைக்கும் நாள். அன்று அந்த நாளின் அடையாளமான செம்மஞ்சள் சட்டை போடுங்கள், ‘இனிய நல்வாழ்த்துகள்’ படம் போடாதீர்கள்.