மீன் இறங்குதுறையில் வளக் கணக்கு எடுப்பது எப்படி: தென்பெருங்கடல் முறையும் குமரிக் கடற்கரையும்

அண்டார்டிகாவுக்கு வடக்கே, தென்பெருங்கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் கடலில், 1969–70 பருவத்தில் வணிகக் கப்பல்கள் நொதோதீனியா ரோசி என்ற மீனை ஏறத்தாழ 4 லட்சம் டன் அள்ளின. அடுத்த பருவத்தில் அது ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சரிந்தது. 1985 முதல் அம்மீனைக் குறிவைத்துப் பிடிப்பதே அங்கு தடைசெய்யப்பட்டது. பிடித்த எடையை மட்டும் எழுதிவைத்திருந்தவருக்கு அந்த முதல் பருவம் மிகச் சிறந்த பருவமாகவே தோன்றியிருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில், கடலில் மீன் வளம் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்க விரும்பும் மீனவர் சங்கத்தாரும் கல்லூரி மாணவரும் எடைக்கு முன்பாக உழைப்பை, அதாவது அந்த மீனைப் பிடிக்க எத்தனை நாள், எத்தனை கொக்கி, எத்தனை வலை ஆனது என்பதை, எழுதத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

தென்பெருங்கடலில் டூத்ஃபிஷ் என்ற பெரிய ஆழ்கடல் மீனைப் பிடிக்கும் கப்பல்கள் எத்தனை கொக்கிகளை, எவ்வளவு ஆழத்தில், எத்தனை மணி நேரம் போட்டன என்பதைப் பதிவுசெய்கின்றன. தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் படகுகளும் தூண்டில் தொழிலையே செய்வதால், ஆயிரம் கொக்கிக்கு எத்தனை கிலோ என்ற அதே அளவு இங்கும் பொருந்தும். வலைப் படகென்றால் கடலில் இருந்த நாள்களையும் வலை போட்ட தடவைகளையும் கேட்டு எழுதுங்கள். போய் வெறுங்கையோடு திரும்பிய படகுக்குச் சுழியம் இடவேண்டும்; தடைக்காலத்திலோ புயல் எச்சரிக்கையிலோ போகாத படகுக்கு இடம் வெறுமையாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் கலந்துவிட்டால் ஆண்டுச் சராசரி முழுவதும் பொய்யாகிவிடும். மேற்கில் ஜூன், ஜூலையிலும், கிழக்கில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையும் தடை நிலவும் மாவட்டம் இது என்பதால், எந்தத் துறை என்பதை ஒவ்வொரு வரியிலும் குறிப்பது அவசியம். கொச்சியில் மீன் இறக்கும் நம் ஊர்ப் படகுகளின் கணக்கைத் தொலைபேசியில் கேட்டுத் தனிப் பக்கத்தில் எழுதலாம்.

அடுத்தது நீளம். ஏலத்துக்காகப் பெரியது, சிறியது என்று தரம் பிரிப்பதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். பிரித்த பின்னர் வந்து சேர்ந்தால், ஒவ்வொரு குவியலிலும் சில மீன்களை அளந்து, குவியலின் எடைக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளவேண்டும். கண்ணுக்குப் பட்ட நல்ல மீனைத் தேர்ந்தெடுத்து அளப்பது பலரும் அறியாமல் செய்யும் தவறு. சாளையை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரையும், நெய்மீன், சூரை, அயிலை ஆகியவற்றை வால் பிளவுவரையும் அளந்து, எப்போதும் கீழ் சென்டிமீட்டருக்கே குறையுங்கள். எடை குறையாமல் இருக்கும்போதே சராசரி நீளம் ஆண்டுக்காண்டு குறைந்துவந்தால் பெரிய மீன்கள் தீர்ந்துவருகின்றன என்று ஐயுறலாம். ஆனால் வலைக்கண்ணின் அளவு மாறியிருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்கவேண்டும்.

வயதை அறியச் செவிக்கல் தேவை; மீனின் தலைக்குள், காதுப் பகுதியில் வளரும் சிறு கல் அது, அதன் வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். ஏலத்துக்கு வந்த மீனைக் கீறிப்பார்க்க எந்த வியாபாரியும் சம்மதிக்கமாட்டார். சந்தையில் மீன் வெட்டித் தரும் பெண்களிடம் சொல்லிவைத்தால் தலைகள் கிடைக்கும். தலையை வாங்குமுன் மீனின் நீளத்தை அளந்துவிடவேண்டும். கத்தாளையில் செவிக்கல் பெரிதாக இருப்பதால் பழகுவதற்கு அதுவே ஏற்றது. கழுவி உலர்த்திக் காகித உறையில் இட்டு, நீளம், நாள், துறை ஆகியவற்றை எழுதுங்கள். வெப்பமண்டல மீன்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிவது குறைவு என்பதால், படிக்கும் வேலையை ஆய்வகத்திடம் விடுவதே நல்லது.

துருவக் கடலின் மற்றொரு முறை அடையாளமிடுதல். பல பகுதிகளில் ஒரு டன்னுக்கு ஒரு டூத்ஃபிஷ் என்ற கணக்கில் குறியிட்டு உயிரோடு விடுகிறார்கள். 200 மீனுக்குக் குறியிட்டு, பின்னர் பிடித்த 1,000 மீனில் 10 குறிகள் திரும்பினால், நூற்றில் ஒன்றுக்குக் குறி உள்ளது; ஆகவே அங்குள்ளவை சுமார் 20,000 என்று கணிக்கலாம். டூத்ஃபிஷ்ஷுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. ஆழத்திலிருந்து தூக்கினாலும் பிழைத்துக்கொள்ளும். நம் கலவாவுக்குக் காற்றுப்பை உண்டு, மேலே வரும்போதே அது உப்பிவிடும். ஆகவே இம்முறையை இங்கு பின்பற்றுமாறு நான் சொல்லமாட்டேன்.

ஓராண்டுப் பதிவு சேர்ந்ததும் விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தை அணுகலாம். அதற்கு முன் படகின் பெயரை நீக்கி எண் குறியீடு இடுங்கள். மீன் கிடைத்த இடத்தைத் துல்லியமாக எழுதாமல், ஆழத்தையும் திசையையும் மட்டும் வையுங்கள். தன் இடம் வெளியே போகாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் படகோட்டி அடுத்த முறையும் உண்மையான எண்ணைச் சொல்வார்.